மாப்பிள்ளை அழைப்பு மெட்டு

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மைத்துனர் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காரை விட்டு இறங்கியதும் பேண்டு செட்டுக்காரர்கள் அந்த மெட்டை எடுத்தார்கள். இளவட்டங்கள் துண்டைச் சுழற்றி ஆடினார்கள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். "இந்தப் பாட்டு வந்தாலே இவியளுக்குத் தலைவலி வந்துரும்" என்று என் மனைவி யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக அவளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அந்த மெட்டு இல்லாமல் மாப்பிள்ளை அழைப்பு கிடையாது. தளவாய்புரத்திலும் கூமாப்பட்டியிலும் எல்.கே.ஜி. படிக்கிற பிள்ளைகூட அதை முணுமுணுக்கும். யார் போட்டது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஜமீன் காலத்தது என்பார் ஒருவர், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து வந்தது என்பார் இன்னொருவர். அவ்வளவு நம்பிக்கையோடு சொல்வார்கள், எனக்கே ஒரு நிமிடம் அப்படி இருந்தால் தேவலையே என்று தோன்றும். அது பிறந்த இடம் ராஜபாளையத்தில் என் கடையின் பின்னறை.

எண்பதுகளில் அங்கே கேசட் பதிவு செய்யும் கடை வைத்திருந்தேன். பாட்டுப் பதிவது போக, வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பவும் ஆட்கள் வருவார்கள். முதலில் கடை நாடாவில் பேச்சைப் பதிந்து, இருமலையும் செருமலையும் வெட்டிவிட்டு, புதுக் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பேன். அப்படி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் மாஸ்டர். பேண்டு செட் வைத்திருந்தார்; கிளாரினெட் வாசிப்பார். மூத்த மகன் துபாயில் இருந்தான். அவன் காதில் விழவேண்டுமே என்று மாஸ்டர் மைக்கில் கத்துவார். கூடவே வரும் ஒன்பது வயது மகள் அவரைத் தள்ளிவிட்டு, "அண்ணே, எனக்கு மணி அடிக்கிற வாட்ச் வேணும்" என்று ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வாள்.

அந்தப் பிள்ளை மூளைக்காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டது. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் மாஸ்டர் தனியாக வந்தார். மைக் முன்னால் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார், மூடினார். நாடா சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பையிலிருந்து கிளாரினெட்டை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். மூன்றரை நிமிடம் இருக்கும். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. முடித்ததும், "இதையே அனுப்பிரு தம்பி. பேச வரல" என்றார். "இதை அழிச்சிரு" என்று கடை நாடாவைக் காட்டிச் சொன்னார். சரி என்றேன். அழிக்க மனம் வரவில்லை. ஆசைதான் காரணம், வேறொன்றும் இல்லை.

கேசட்டின் ஒரு பக்கத்தில் பாட்டுகள் முடிந்து இரண்டு மூன்று நிமிடம் நாடா காலியாக நின்றால் எங்கள் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் மிச்ச இடத்தில் ஏதாவது இசைத்துண்டைப் போட்டு நிரப்புவது எல்லாக் கடையிலும் வழக்கம். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டுக்கு அவசரமாகப் பதிந்துகொண்டிருந்தேன். கடைசியில் மூன்று நிமிடம் மிச்சம். கைக்கு அகப்பட்டது அந்த நாடா. என் இரண்டாவது மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடும், அதில்தான் போட்டேன். அந்த வேகத்தில் மாஸ்டரின் அழுகை துள்ளிக் குதித்தது. எனக்கே அது வேறு எதுவோ போலத்தான் கேட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் கட்டியவர் அந்தத் துண்டை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டார். அவரிடமிருந்து இன்னொருவர். நாலே மாதத்தில் பேண்டு செட்டுகள் மேளத்தைச் சேர்த்து வாசிக்க ஆரம்பித்துவிட்டன. ஒருநாள் மாஸ்டர் கடைக்கு வந்து நின்றார்.

"எங்க ஊர்க் கல்யாணத்துல என் வாசிப்பு ஸ்பீக்கர்ல வருது தம்பி. வெரசா வருது. ஆடுதானுவ" என்றார். "அது எம்மவன்கிட்ட இருக்கு. உன்கிட்ட இருந்துச்சு."

அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். அடித்திருந்தாலும் இரண்டு அடியோடு போயிருக்கும். "நான் அன்னைக்கே அழிச்சிட்டேன் மாஸ்டர். துபாய்ல இருந்து லீவுக்கு வந்தவன் எவனாச்சும் கொண்டுவந்திருப்பான்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"அப்பம் எம்மவன் இதை நாலு பேருக்குப் போட்டுக் காட்டிருக்கான்" என்றார் மாஸ்டர். நான் கேசட் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அதோடு மகனுக்குப் பேசி அனுப்புவதை நிறுத்திவிட்டார். கடிதமும் கிடையாது. அந்த மெட்டை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. அது தெரியாத பேண்டு செட்டை யார் கூப்பிடுவார்கள்? ஒரு வீட்டில் அவர் வாசித்ததை நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மற்றவர்களைவிட வேகமாக வாசித்தார். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் அது. கூட்டம் அதற்கும் விசில் அடித்தது. "இது அந்த வாசிப்புதான்னு வீட்டுல சொல்லலியா மாஸ்டர்?" என்று ஒருமுறை கேட்டேன். "பிள்ளையோட அம்மாவுக்குத் தெரிஞ்சா, தெருவுல ஒரு கல்யாணம் வந்தாலே செத்துப்போவா" என்றார். மகன் இரண்டு தடவை லீவில் வந்து போனான். அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லையாம். உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று என்னிடமே வந்து கேட்டான். தெரியாது என்றேன்.

தொண்ணூறுகளில் ஒரு கோடையில் மாஸ்டர் மாரடைப்பில் இறந்துபோனார். மகன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் கழிந்து கடைக்கு வந்தான். மொட்டைத் தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். நான் ஒட்டிக் கொடுத்த காகிதம் கிழியாமல் அப்படியே இருந்தது.

"தங்கச்சி செத்தப்ப அப்பா அனுப்புனது அண்ணாச்சி. அழுது பேசியிருப்பாவன்னு பயந்துக்கிட்டு இம்புட்டு வருசம் நான் போட்டே கேக்கல. எவன் கையிலயும் கொடுக்கல. இப்ப அவிய குரலையாவது கேக்கணும்" என்றான்.

காகிதத்தைக் கிழித்தேன். ஒழுங்கான வேகத்தில் ஓடும் மெஷினில் போட்டேன். மாஸ்டர் வாசித்தார். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் நெற்றி சுருங்கியது.

"இது நம்ம மாப்பிள்ளை அழைப்புப் பாட்டுல்லா?" என்றான். "கேசட்டு மாறிப்போச்சு போல. மெஷினும் இழுக்குதே அண்ணாச்சி. அப்பா பேசுனது உங்ககிட்ட வேற எதுலயும் இருக்கா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். சொல்வதற்கு வேறு ஒரு நாள் எனக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தேதான் இருந்தது.

"இல்லை தம்பி. மாறித்தான் போயிருக்கும்" என்று சொல்லி மெஷினை நிறுத்தினேன்.