உப்பு மூட்டை இல்லை, கரி மூட்டை

போன வருஷம் பங்குனி மாதம், மரக்காணத்தில் உப்பு வாரும் வேலை மும்முரமாக இருந்த நேரத்தில் நடந்தது இது. கேட்டவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பத்து வயதில் அடுத்தவர் உப்பளத்தில் கூடை தூக்கினேன். இன்றைக்கு என் பெயரில் உப்பளம் இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. மோட்டார் ஓடவில்லையா, மடை உடைந்ததா, நானே பார்ப்பேன். உப்பைப் பற்றி எனக்குத் தெரியாத சங்கதி இந்தக் கரையில் கிடையாது என்று எல்லோரிடமும் சொல்வேன். அந்தப் பேச்சுதான் என்னைக் கவிழ்த்தது.

ஐப்பசியில் புது டீசல் கார் வாங்கியிருந்தேன். வீட்டிலிருந்து அளம் இரண்டு கிலோமீட்டர். காலையில் போவேன், சாப்பிட வருவேன், மறுபடி போவேன். லோடு ஏற்றும்போது இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பேன். வாரம் ஒரு தடவையாவது நீளமாக ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பில்டர் அடைத்துக்கொள்ளும் என்று வண்டி கொடுத்த கம்பெனி ஆள் சொன்னார். நான் டிராக்டர் ஓட்டியபோது இவர் பிறந்தே இருக்க மாட்டார், எனக்குச் சொல்கிறாரே என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மாசியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்டி மாதிரி ஒரு படம், அதற்குள் புள்ளி புள்ளியாக. பார்த்ததுமே விளங்கிவிட்டது. மூட்டை, உள்ளே உப்பு! வண்டிக்கு அடியில் உப்பு ஏறிவிட்டது, கழுவு என்கிறது. என்ன மூளை இந்தக் கம்பெனிக்காரனுக்கு என்று மெச்சிக்கொண்டேன். நல்ல தண்ணீர் விட்டு அடிப்பக்கம் முழுக்கக் கழுவினேன். அணையவில்லை. மறுநாளும் கழுவினேன். குடிதண்ணீருக்குக் குடத்தோடு காத்து நிற்கிற ஊரில், மூன்று வாரம் தினமும் காரைக் குளிப்பாட்டினேன். பக்கத்தில் இன்னொரு விளக்கும் சேர்ந்து எரிந்ததுதான் மிச்சம். அது என்ன என்று கேட்டவர்களிடம், உப்பு ஜாஸ்தி என்றேன்.

என் அளத்தில் உப்பு வாரும் அம்மா ஒருவர் இருக்கிறார். நான் கூலிக்கு நின்ற காலத்தில் பக்கத்துப் பாத்தியில் நின்றவர். மற்றவர்களுக்கெல்லாம் நான் முதலாளி, அவருக்கு மட்டும் அண்ணன். அவருக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொரு கண்ணில் புரை முற்றியிருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்குள் போகவேண்டும். தவறினால் அடுத்த நாள் கிடைக்க மாதக்கணக்காகும். விடிகாலை பஸ்ஸில் போகிறேன் என்றார். நான்தான் எல்லோர் முன்னாலும், “பஸ்ஸு எதுக்கு? என் வண்டியில முக்கா மணி நேரம்” என்று தடுத்தேன்.

ஆறரைக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் இருந்த அந்த அம்மா, ஏதோ மஞ்சளாகத் தெரிகிறதே என்றார். உப்பு மூட்டை விளக்கத்தைச் சொன்னேன். காருக்கே உப்பு தெரிகிறதா என்று ஆச்சரியப்பட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூனிமேடு தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் முனகியது. நாற்பது, முப்பது, இருபது. தேங்காய் ஏற்றிய மொபெட் எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் பஸ் வந்தது. அதை நிறுத்தலாமா என்று அவர் மெதுவாகக் கேட்டார். இதோ சரியாகிவிடும் என்றேன். அந்த பஸ்ஸும் போய்விட்டது. அவர் ஆஸ்பத்திரிச் சீட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

பொம்மையார்பாளையம் அருகே ஓரம் கட்டும்போது மணி ஏழரை. என்ன செய்தேன் தெரியுமா? பாட்டில் தண்ணீரை எடுத்து, குனிந்து, வண்டிக்கு அடியில் ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

அப்போது ஒரு லாரி வந்து நின்றது. முந்தின நாள் என் அளத்தில் லோடு ஏற்றிய அதே லாரி. டிரைவர் எட்டிப் பார்த்தார். “இன்னா முதலாளி, சைலன்சருக்கு அபிஷேகமா?”

விஷயத்தைச் சொன்னேன். உள்ளே தலையை விட்டு விளக்கைப் பார்த்தவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். “அது உப்பு மூட்டை இல்ல முதலாளி, கரி மூட்டை. பொகையில வர்ற கரியெல்லாம் அந்த டப்பாவுல தங்கிடும். நல்ல வேகத்துல அரை மணி நேரம் ஓட்டுனா சூட்டுல அதுவே எரிஞ்சிடும். எங்க லாரியிலயும் இருக்குது, ஓடிக்கினே இருக்குறதால தொல்லை இல்ல. நீங்க வூட்டுக்கும் அளத்துக்கும் உருட்டினு இருந்தா எப்படி எரியும்?”

காலி பாட்டிலை மூடி சீட்டில் போட்டேன்.

அந்த அம்மாவை லாரியில் ஏற்றினோம். படி தெரியாமல் காலைத் துழாவினார். நான்தான் அவர் பாதத்தைப் பிடித்துப் படியில் வைத்தேன். மேலே உட்கார்ந்ததும், “நீங்க மூட்டைய எறக்கிட்டு மெதுவா வாங்கண்ணே” என்றார். கிண்டலா, ஆறுதலா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புதுச்சேரிக்குள் லாரி போகக்கூடாத நேரம். அந்த டிரைவர் லாரியை எல்லையிலேயே நிறுத்திவிட்டு, ஆட்டோவில் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே விட்டுவிட்டேன் என்று அவர் போன் செய்தபோது எட்டுக்கு ஐந்து நிமிஷம். அதுவரை நான் ரோட்டோரத்தில் நின்ற நிற்பை எழுத முடியாது.

என் காரைக் கட்டி இழுத்துப் போனார்கள். கம்ப்யூட்டர் மாட்டிக் கரியை எரித்தார்கள். அதே கம்பெனி ஆள்தான். மனுஷன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, அதுதான் கூடுதல் எரிச்சல். இப்போது ஞாயிறுதோறும் ஒரு வேலையும் இல்லாமல் திண்டிவனம் வரை போய்த் திரும்புகிறேன். வெறுங்கூடையோடு ஒரு நடைகூட நடக்காதவன், கரி எரிக்கக் காலி வண்டி ஓட்டுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவைச் செக்கப்புக்கு நானே அழைத்துப் போனேன். தயங்காமல் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒரு நொடி எரிந்து அணையும். குனிந்து பார்த்தார்.

“இதுல எங்கண்ணே மூட்டை இருக்குது? ரெண்டு பக்கமும் கொழாய் இல்ல நீட்டினு இருக்குது?”

சாவியை மறுபடி திருப்பினேன். அப்போதுதான் நானும் அந்தக் குழாயைப் பார்த்தேன். வாரக்கணக்கில் தினமும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும், எனக்குத் தெரிந்த உப்பைத் தவிர வேறு எதுவும் அதில் என் கண்ணுக்குத் தெரியவில்லையே என்பது இன்றைக்கும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.