மாட்டுப் பணத்தை நான் கொடுத்த விதம்

திருடனுக்கு நன்றி சொன்னவன் நான். ஒப்புக்குச் சொன்னதும் இல்லை. இந்த வெயிலில் எங்களுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறீர்களே என்று ஒரு வாக்கியம் சேர்த்தே சொன்னேன். அவன் எடுத்துக்கொண்டது என் பணமாக இருந்தால்கூட ஒரு நியாயம் இருக்கும். அது பக்கத்து வீட்டுப் பெண் மாடு வாங்க வைத்திருந்த பணம்.

அவள் பணத்துக்கு நான் எப்படிச் சாவியானேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது என் வாசலுக்கு வந்து சேரும். பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன், ஆகவே பேனா வைத்திருப்பான், ஆகவே வேலை இல்லாதவன் என்பது தெருவின் முடிவு. மூன்றும் சரிதான். முதியோர் பென்ஷன், பயிர்க் காப்பீடு, காஸ் இணைப்பு எல்லாம் நிரப்பித் தருவேன். கைபேசி எண் என்ற கட்டத்தில்தான் வண்டி நிற்கும். ஒருவர் சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும், இன்னொருவர் போன மாதம்தான் எண்ணை மாற்றியிருப்பார். "உன் நம்பரையே போடுண்ணா" என்பார்கள். போடுவேன். இப்படியாகப் பாதித் தெருவுக்கு வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி என் சட்டைப்பையில் வந்து விழும். சம்பந்தப்பட்டவர் வங்கியிலிருந்து போன் போட்டு, ஓடிபி வந்துக்கீதா என்று கேட்பார். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்துச் சொல்வேன். பல வருஷப் பழக்கம். போனில் யாராவது ஆறு இலக்கம் கேட்டால் யோசிக்காமல் ஒப்பிக்கும்படி தெருவே என்னைத் தயாரித்து வைத்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணக்கிலும் என் எண்தான். அவள் கணவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. வாரத்தில் ஒரு நாள் வருவார். நடவு, களையெடுப்பு என்று போய் அவளே சேர்த்த பணம் நாற்பத்திரண்டாயிரம். புள்ளலூர்ப் பக்கம் ஒரு சினை மாட்டைப் பார்த்துப் பேசி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் வேறு ஒருவர் ஓட்டிப்போகத் தயாராக இருக்கிறார் என்று மாட்டுக்காரர் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகைகூடப் போட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி. கரண்ட் இல்லை. வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒரு குரல். அவள் பெயரைச் சொன்னது, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொன்னது. ஆவணங்கள் புதுப்பிக்கப்படாததால் இன்று மாலை கணக்கு முடங்கிவிடும் என்றது. எனக்கு உடனே மாடு ஞாபகம் வந்தது. அவளுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டது. நான்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உங்களைப் போல நாலு பேர் இருப்பதால்தான் ஐயா கிராமத்தில் வங்கியே நடக்கிறது என்றது குரல். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனை இப்படி யாரும் சொல்வதில்லை. வீட்டில் சொல்வதற்கு வாய்ப்பே இல்லை.

பிறகு அவனே எச்சரித்தான். இப்போதெல்லாம் மோசடி அதிகம், யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்று ஊர்க்காரர்களுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றான். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், யாரும் கேட்பதில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டேன். மக்களின் அறியாமை பற்றி இருவரும் கொஞ்ச நேரம் வருந்தினோம். அதற்குள் எண் வந்தது. கீழே, இதை யாருக்கும் பகிர வேண்டாம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. புத்தகத்தில் அடிக்குறிப்பையும் விடாமல் படிக்கிறவன் ஆயிற்றே, அந்த வரியையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். "அது வெளியாளுங்களுக்கு ஐயா" என்றான். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

இருபத்தைந்தாயிரம் போய்விட்டதாக அடுத்த செய்தி. அப்போதாவது விழித்திருக்கலாம். நான் அவனையே திரும்ப அழைத்து, உங்கள் சிஸ்டத்தில் ஏதோ கோளாறு என்று தெரிவித்தேன். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். பணத்தைத் திருப்ப இன்னொரு எண் வரும் என்றான். வந்தது. அதையும் சொன்னேன். மீதிப் பதினேழாயிரமும் போயிற்று. நன்றி சொன்னது இதற்குப் பிறகுதான்.

பொதுப்பணத்தைத் தொட யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர் எங்களுக்குப் பஸ்ஸில் இருபது நிமிஷம். வெளியூர் நண்பர்களைக் கூட்டிப்போய் அந்தக் கல்வெட்டைப் பெருமையாகக் காட்டுவேன். இனி யாரையும் கூட்டிப்போகும் உத்தேசம் இல்லை.

அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கொட்டகையில் தீவனத் தொட்டிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். எழுதுகிறவனுக்கு நேராகச் சொல்ல வராது. கையில் இருந்த மண்ணை உதிர்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மொத்தமும் பூடுச்சா?"

"மொத்தமும்."

"நானு சந்தையில கத்திரிக்காய்க்கே நாலு கடை ஏறி எறங்குவேன். நீ இன்னாண்ணா, ஒரே போன்ல குடுத்துட்டு வந்து நிக்கிற?"

திட்டியிருந்தால் தேவலை. குனிந்து மறுபடி தொட்டிக்கு மண் அணைக்கத் தொடங்கினாள்.

உதவி எண்ணுக்குப் பேசினேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மூன்று பக்கம் புகார் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்தவர் பொறுமையாகப் படித்துவிட்டு, இதில் வேதனை எல்லாம் வேண்டாம், நேரமும் தொகையும் போதும் என்று அரைப் பக்கமாக எழுதச் சொன்னார். வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களின் பெயர், எண் பட்டியல்கள் கிலோக் கணக்கில் விலைக்குக் கிடைக்கின்றன என்றும், பணம் திரும்புவது சந்தேகம் என்றும் சொன்னார். வீட்டில் என் மனைவி அதிகம் பேசவில்லை. போன வாரம் அவள் அப்பாவைப் போனில் பிடித்து ஓடிபி பற்றி முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேனே, அதை மட்டும் நினைவுபடுத்தினாள்.

தேக்கில் புத்தக அலமாரி செய்ய ஆசாரிக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் இருந்தது. வியாழக்கிழமை அதை எடுத்துப் போய் அவளிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என எதிர்பார்த்தேன். நானும் பெருந்தன்மையாக வற்புறுத்தத் தயாராகப் போயிருந்தேன். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மாடு வந்தது. கறுப்பு, நெற்றியில் வெள்ளை. புத்தகங்கள் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன.

அடுத்த வாரம், கணக்கில் கைபேசி எண்ணை மாற்ற வேண்டும் என்று படிவத்தோடு வந்தாள். மாற்ற வேண்டியது என் எண்ணை. அதையும் நான்தான் நிரப்ப வேண்டும். நிரப்பினேன். புது எண் கட்டத்துக்கு வந்ததும் யாருடையது என்று கேட்டேன். ஆடு மேய்க்கும் மச்சாண்டாருடையது என்றாள். அவள் கணவரின் அண்ணன், நல்ல மனிதர், பச்சைப் பொத்தானை அமுக்கிப் பேசுவதோடு அவருக்கும் போனுக்கும் உள்ள உறவு முடிந்துவிடும்.

"அவருக்கு நம்பர்கூடப் படிக்கத் தெரியாதேம்மா" என்றேன்.

"அதுக்குத்தாண்ணா" என்றாள். "எவனாச்சும் போன் பண்ணிக் கேட்டா, அவரால சொல்ல முடியாதில்ல."