இடம் மாறிய விமானக் கொட்டகையும் எங்கள் தோணிப் பயணமும்

சென்ற ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை என் மகள் ஜெசியை மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏற்றப் போனேன். தாதிப் பயிற்சிக்காக அவள் இங்கிலாந்து போகிறாள், மூன்று வருடப் படிப்பு. கப்பல் சனிக்கிழமை என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை மாலை தந்தி வந்தது: கப்பல் வியாழக்கிழமையே புறப்படுகிறது, பிற்பகல் மூன்று மணிக்குள் துறைமுகத்தில் நிற்கவேண்டும். கொழும்பு ரெயில் அப்போது மட்டக்களப்பை விட்டு வந்தாறுமூலையைத் தாண்டியிருக்கும். மறுநாள் காலை எட்டு நாற்பது விமானம் ஒன்றுதான் மிச்சம். அதைத் தவறவிட்டால் கப்பலும் போச்சு, படிப்பும் போச்சு.

உடனே நகரத்துக்கு ஓடி, விமானக் கம்பனியின் முகவரை வீட்டிலேயே போய்ப் பிடித்தேன். நல்ல மனிதர். சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து வந்து டிக்கற் எழுதித் தந்தார். நாற்பத்தைந்து ரூபாய், பெட்டி முப்பது இறாத்தலுக்கு மேல் ஆகாது. "ஐயா, எங்க வந்து ஏறணும் எண்டா..." என்று தொடங்கினார். நான் விடவில்லை. "எனக்கா வழி சொல்லப் போறீங்க? ஆறு வருசம் அங்க தபால் பை கொண்டுபோனவன் நான்" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினார். உண்மைதான், நகரத் தபால் கந்தோரில் இருந்த காலத்தில் விமானத் திடலில் இருந்த கொட்டகை எனக்குச் சமையலறை மாதிரிப் பழக்கம். ஆனால் நான் குருக்கள்மடத்துக்கு மாற்றலாகி இரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடம் அப்போது என் புத்தியில் வரவில்லை.

எங்கள் ஊர் நாவற்குடாவிலிருந்து விமானத் திடலுக்குப் போக இரண்டு வழி உண்டு. கல்லடிப் பாலம் ஏறி, நகரத்துக்குள்ளால் போய், வலையிறவுப் பாலத்தைக் கடந்து சுற்றிப்போனால் ஏழு மைல், வாடகைக் காருக்கு எட்டு ரூபாய். வாவியைக் குறுக்கே கடந்தால் ஒன்றரை மைல்தான், தோணிக்கு ஆளுக்கு ஐம்பது சதம். எங்கள் ஊரார் விமானத்துக்குக் காரில் போனதாக நான் கேள்விப்படவில்லை. விமானக் கொட்டகையும் வாவிக்கரையிலேயே, இறங்கினால் கால் நனைந்த ஈரம் காயமுன் போய்ச்சேரும் தூரத்தில் இருந்தது.

காலை ஏழு இருபதுக்கு நானும் மனைவி எஸ்தரும் ஜெசியும் தோணி ஏறினோம். தோணிக்காரர் கணபதிப்பிள்ளை அண்ணன் கம்பு ஊன்றினார். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அடித்தது, தண்ணீர் சிறு சிறு அலையாகத் தோணியைத் தட்டிக்கொண்டிருந்தது. ஜெசி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர்ப் பக்கமே பார்த்தாள்.  எங்கள் வீட்டில் ஒருவர் தூரம் போனால், வண்டி ஏறும் இடத்தில் தலையில் கை வைத்து ஜெபம் சொல்லி அனுப்புவது வழக்கம். வீட்டில் சொல்வது கணக்கில் சேராது என்பது எஸ்தரின் பிடிவாதம். எல்லாவற்றையும் கொட்டகைக்கென்று வைத்திருந்தோம்.

ஏழு ஐம்பத்தைந்துக்குக் கரை தட்டினோம். கொட்டகைக்குள் நாலு ஆடு படுத்திருந்தது. தராசு இல்லை, உட்கார வாங்கு இல்லை. காவல்காரர் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இஞ்ச ஏன் ஐயா வந்தீங்க? மூணு கிழமையாச்சே, எல்லாத்தையும் அந்தத் தொங்கலுக்கு மாத்திட்டாங்க. புதுக் கட்டடம்."

ஓடுபாதையின் மேற்கு அந்தத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. "குறுக்கால நடந்து போகட்டா?" என்றேன்.

"பிளேன் வாற நேரம் ஒரு மாட்டையும் விடமாட்டன். அங்க பாருங்க, வந்திட்டு!"

எங்கள் தலைக்கு மேலால் விமானம் இறங்கிப் போயிற்று. வேலியோரமாகச் சுற்றிக் கிறுகிப் போனால் ஒன்றேகால் மைல், முழுக்க மணல்.  எஸ்தர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

காவல்காரர்தான் முதலில் அசைந்தார். "புள்ள, பின்னால ஏறு மனே. பெட்டியை இறுக்கிப் பிடி" என்றார். ஜெசி ஏறினாள். "அப்பா, நான் போயிட்டு..." என்று அவள் சொல்லி முடிக்குமுன் சைக்கிள் போய்விட்டது. கையும் வைக்கவில்லை, ஜெபமும் சொல்லவில்லை. மணலில் இறங்கித் தள்ளுவதும் ஏறி மிதிப்பதுமாக இருவரும் சிறுத்துப் போனார்கள்.

"டிக்கற் தந்த மனிசன் வழி சொல்ல வந்தாரெண்டு ராத்திரி நீங்களே சொன்னீங்க, கேட்டிருந்தா என்ன" என்றாள் எஸ்தர்.  

எட்டு நாற்பதுக்கு இயந்திரச் சத்தம் கேட்டது. ஜெசி ஏறினாளோ இல்லையோ தெரியாது. விமானம் மேற்கே பறந்துவிடும் என்று நினைத்தேன், அதுவோ எங்களை நோக்கி உருண்டு வந்தது. கச்சான் வீசும்போது காற்றுக்கு எதிரே எழும்ப வேண்டுமாம், அதனால் நாங்கள் நின்ற கிழக்கு அந்தம் வரை வந்து திரும்பும். தபால் பை மட்டும் பார்த்த எனக்கு இது ஒருநாளும் கண்ணில் படவில்லை. எங்களுக்கு நூற்றிருபது அடி முன்னால் அது திரும்பி நின்றது. மூன்றாவது ஜன்னலில் ஜெசி!

பறக்குமுன் இயந்திரத்தைச் சோதிப்பதற்காக அங்கேயே நின்று இரைந்தது. மணல் வாரி அடித்தது. எஸ்தர் அந்த மணலுக்குள் நின்று வலது கையை நீட்டி ஜெபம் சொன்னாள். ஒரு சொல்லும் எனக்கே கேட்கவில்லை. ஜன்னலுக்குள் ஜெசி தலையைக் குனிந்துகொண்டாள். எஸ்தரின் கை இறங்கும்வரை அவள் நிமிரவில்லை. நான் வாய்விட்டு அழுதேன், எழுத வெட்கமில்லை. பிறகு விமானம் ஓடி எழுந்து மேற்கே போயிற்று. மாலை நாலு மணிக்குத் தந்தி வந்தது: கப்பலில் ஏறிவிட்டாள்.

இனி இந்த வழியால் போகிறவர்களுக்கு. விமானம் ஏறுகிறவர் காரில் புதுக் கட்டடத்துக்கே போங்கள், தோணி வேண்டாம். நாவற்குடாவிலிருந்து ஏழு மணிக்குப் புறப்பட்டால் போதும். முகவர் பேசும்போது வாயை மூடிக் கேளுங்கள். வழியனுப்புகிறவர்களைப் புதுக் கட்டடத்தில் வேலிக்கு இப்பால் நிறுத்துகிறார்கள், அங்கிருந்து விமானம் அறுநூறு அடி. கச்சான் மாதங்களில் பிள்ளையைக் கட்டடத்தில் இறக்கிவிட்டு, வேலியோரமாக நடந்து பழைய கொட்டகைக்கு வந்துவிடுங்கள். வடகிழக்கு வாடை தொடங்கினால் பயனில்லை, அப்போது மற்ற அந்தத்தில் திரும்பும். கச்சானில் பழைய கொட்டகையிலிருந்து விமானம் நூற்றிருபது அடிதான். மூன்று வருடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவருக்கு மிச்ச நானூற்றெண்பது அடி மிகவும் தூரம்.