கண்டாக்கையா வீட்டு மிளகு

ஈரச் சாக்கைத் தூக்கினால் சாணிக் குவியல் முழுக்கப் பாசிபோலப் பச்சைப் பூஞ்சணம் பூத்திருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கிளற வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் அந்தக் குவியலை நான்தான் பார்த்துக்கொண்டேன். முள்முருங்கையில் ஏற்றிவிட்டிருந்த என் மிளகுக் கொடிகள் மழைக்கு மழை வேரழுகிச் செத்துக்கொண்டிருந்தன. அந்தத் தோட்டத்தில் என்னுடையது என்று சொல்ல அந்தக் கொடிகளை விட்டால் எனக்கு வேறொன்றும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த விவசாய அதிகாரி ஒரு பொடியைத் தந்து, மக்கிய சாணியில் கலந்து நிழலில் மூடி வைக்கச் சொன்னார். "இது கூடாத பூஞ்சணம் இல்லையம்மா. வேரை அழுகப் பண்ணுற பூஞ்சணத்தை இது தின்னும். மழைக்கு முன்னம் கொடியடியில போடுங்கோ" என்றார்.

தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் எங்கள் கண்டாக்கையா அந்தப் பக்கம் வந்தால் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு காறித் துப்புவார். "இந்த நாத்தத்துலயே பொறந்தவங்க நீங்க, ஒங்களுக்கு எங்க ஒறைக்கப்போவுது" என்பார். கூட நிற்கும் கங்காணிகள் சிரிப்பார்கள். நான் குனிந்து குவியலைக் கிளறிக்கொண்டிருப்பேன்.

பெரிய தொரை வருகிறார் என்றால் தண்ணீர் ஓடும் கான் வெட்டி, கல்லுக்கும் மரத்தடிக்கும் சுண்ணாம்பு அடிப்பது தோட்டத்து வழக்கம். அந்த முறை, தொரை வருவதற்கு முதல் நாள் கண்டாக்கையா என்னைக் கூப்பிட்டார். நன்றாகப் பூத்த பக்கமாகப் பார்த்து அள்ளித் தன் வீட்டு மிளகுக் கொடிகளுக்குப் போடச் சொன்னார். கூடையில் சுமந்துபோய் நானே போட்டேன். மழைக்கு இன்னும் நாள் இருந்தது, மிச்சத்தை என் கொடிகளுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். லயத்துக்குத் திரும்பி வந்தால், மிச்சக் குவியலில் ஆள் வைத்துப் பினாயில் ஊற்றிக்கொண்டு நிற்கிறார்.

"தொரை மூக்குக்கு எட்டக் கூடாதில்ல" என்றார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

குவியலில் பச்சை என்று ஒரு பொட்டும் மிஞ்சவில்லை. அதிகாரியும் மாற்றலாகிப் போயிருந்தார். வேறு பொடிக்கு வழியில்லை. மழை பிடித்தது. என் கொடிகள் இலை கறுத்துக் கணுக்கணுவாகக் கழன்று விழுந்தன. பிடுங்கினால் வேர் கையில் கொழகொழத்தது. அந்த அழுகலைவிட, கண்டாக்கையா வீட்டில் பச்சைப்பசேலென்று நின்ற கொடிகளைப் பார்க்கத்தான் எனக்குக் குமட்டியது.

தைப்பொங்கலுக்கு லயத்தில் வீட்டுக்கொரு பொட்டலம் மிளகு கொடுத்தனுப்பினார். "நம்ம வீட்டுக் கொடியில காய்ச்சது, காரத்தப் பாருங்க" என்று சொல்லியும் அனுப்பினார். எல்லாரும் வாயாரப் புகழ்ந்து ரசம் வைத்தார்கள். நாறும் சாணியை வெறுங்கையால் அள்ளியவள் நான். அந்தப் பொட்டலத்தைத் தொடத்தான் கை கூசியது. பிரிக்காமலே கானில் போட்டேன்.

இப்போது ஹட்டனில் மகளோடு இருக்கிறேன். மிளகு ரசம் என்றால் அவளுக்கு உயிர். வைத்துக் கொடுப்பேன். நான் ஒரு வாய் வைப்பதில்லை.