கோவளத்து ஜீப்பும் வேண்டாவின் ஸ்பேனரும்

இரும்புக்குத் தீட்டுப்படுமா? படும் என்று சொல்கிறவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறாரா? இருந்தால், கோவளத்து வேண்டாவின் கதையை அவருக்கும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.

நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குச் செய்தி அனுப்ப, அவளைப் பெற்றவர்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். அவள் வளர்ந்து, மறைமலைநகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியானாள். நிரந்தரம் கேட்டதும் வெளியே அனுப்பினார்கள். இப்போது கரையில் படகு மோட்டார்களைப் பிரித்துப் பூட்டிப் பிழைக்கிறாள். புருஷன் காசிநாதனுக்குக் கயிற்று வேலை.

அந்தக் கயிறு ஜெயகிருஷ்ணனின் ஜீப்பில் இருக்கிறது. அவருடைய அப்பா ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ வண்டி. பின்னால் ஓர் உருளை. அதில் கயிறு சுற்றச் சுற்றப் படகு மணலேறும். உருளையருகே நின்று, கயிறு சிக்காமல் கையால் ஒதுக்கிக் கொடுப்பவன் காசிநாதன். இன்ஜினை ஒரே வேகத்தில் ஓடவைப்பது கவர்னர் என்கிற சிறு கருவி. சுமை ஏறினால் பெட்ரோலைக் கூட்டும், இறங்கினால் குறைக்கும்.

அது இறுகிப்போயிற்று. நேற்று ஒரு படகு மணல் மேட்டைத் தாண்டி லேசானதும், அடங்க வேண்டிய இன்ஜின் அலறியது. உருளை வெறிபிடித்துச் சுற்றியது. கயிறு காசிநாதனின் முழங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. விரல்கள் தப்பியது யார் செய்த புண்ணியமும் இல்லை. அவன் கையை இழுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

காலையில் வேண்டா ஸ்பேனரோடு போனாள். ஜெயகிருஷ்ணன் பூசணிக்காயோடு நின்றார்.

"நீ தொடாத. போன வாரம் பெல்ட்டு மாட்டறன்னு கை வெச்ச, அன்னிலேர்ந்துதான் கோளாறு. எந்த நாள்ல தொட்டியோ இன்னாவோ."

"எனக்கு எந்த நாளுன்னு கவர்னருக்கு யாரு அண்ணாத்த போய்ச் சொன்னது?"

"வாய் மட்டும் கீது. ஆக்சிலேட்டர கம்பி வெச்சி இழுத்துக் கட்டிட்டு, பூசணிக்கா ஒடச்சா ஓடிடும்."

"ஓடும். ஆனா சுமை எறங்கினாலும் கம்பி வேகத்தக் கொறைக்காது. மறுபடி அலறினா கயித்துல மாட்டறது உன் கையா, இவரு கையா?"

"வுடும்மே," என்றான் காசிநாதன். "படகு வந்துகினு கீது."

"நீ சும்மா இரு. கை போச்சின்னா சோறு ஊட்டப் போறது நானு."

வேடிக்கை பார்க்கச் சேர்ந்திருந்த கூட்டம் சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் அவள் பானெட்டைத் திறந்துவிட்டாள்.

கவர்னரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் இணைப்புக் கம்பியில் துரு என்று நினைத்தாள். கழற்றித் தேய்த்துப் பூட்டினாள். அசையவில்லை. தன்மேலேயே எரிச்சல் வந்தது. முதுகுக்குப் பின்னால் பூசணிக்காய் வெடித்துக் குங்குமம் தெறித்தது.

"தள்ளி ஒடய்யா! ஸ்க்ரூ மணல்ல வுழுந்தா நீயா தேடுவ?"

கடைசியில் கவர்னரின் எண்ணெய் மூடியைத் திருகினாள். ஸ்பேனர் வழுக்கி விரல் கணு உரிந்தது. மூடி வந்ததும் எழுந்த வாடை இன்ஜின் வாடையே இல்லை. கோயில் விளக்கின் வாடை. மேலுறையைப் பிரித்தாள். வேகத்துக்கேற்ப விரிய வேண்டிய எடைகள், பாகில் விழுந்த ஈக்களைப் போல ஒட்டிக் கிடந்தன.

"இன்னாய்யா ஊத்தின இதுல?"

"நல்லெண்ணெ," என்றார் ஜெயகிருஷ்ணன் பெருமையாக. "வருசா வருசம் ஆயுத பூஜைக்கு, சாமி வெளக்குல மிஞ்சினது. எங்க நைனா காலத்துப் பழக்கம். அந்த மூடிதான் வண்டிக்கு வாயி."

"வாயா? அப்ப ரெண்டு இட்லியும் போட்டிருக்கலாமே!"

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் பிசினைச் சுரண்டி எடுத்தாள். எடைகள் ஒவ்வொன்றாக இளகின. இன்ஜின் ஆயில் விட்டுப் பூட்டினாள். ஜீப் கிளம்பியது. படகு மணல் மேட்டில் திணறியபோது இன்ஜின் தானே உறுமியது; தாண்டியதும் தானே அடங்கியது. காசிநாதனின் கைக்குள் கயிறு சாதுவாக ஓடியது.

"பாத்தீங்களா?" என்று ஜெயகிருஷ்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "பூசணிக்கா ஒடச்சதும் சரியாயிடுச்சு."

தலைகள் ஆடின. காலையிலிருந்து அவள் குனிந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த தலைகள்!

"இனிமே நல்லெண்ணெ ஊத்தாத அண்ணாத்த."

"சாமி காரியம், வுட முடியுமா? மறுபடி ஒட்டிக்கினா கம்பி கீது."

வேண்டா புருஷனிடம் திரும்பினாள். "கம்பி கட்டின அன்னிக்கி நீ கயித்தத் தொடக் கூடாது."

"அவரு மொதலாளிம்மே," என்றான் காசிநாதன், கயிற்றைப் பார்த்தபடி.

இதற்கு அவளிடம் ஸ்பேனர் இல்லை. ஆகவே உங்களைக் கேட்கிறேன். எந்தக் கரையிலாவது, எந்தப் பட்டறையிலாவது, கம்பி போட்டுக் கட்டிய இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் நின்று வேலை செய்வதைக் கண்டால், படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். போய் இன்ஜினை அணையுங்கள். முதலாளி சண்டைக்கு வந்தால் வரட்டும். அந்தத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.