ஆதிலட்சுமி பெயரில் ஒரு முகவரி

ஆதிலட்சுமி அக்காவுக்கு வீம்பு ஜாஸ்தி என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வீம்பு இல்லாவிட்டால், ரமணாசிரமத்துக்குப் பின்னால் அவர் கட்டிய நான்கு அறைகளும் இன்றைக்கும் ஊரார் கண்ணுக்கு ராஜேந்திரனுடையவையாகவே இருந்திருக்கும்.

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போட்டிருந்த கொல்லை நிலத்தை விற்றுக் கட்டிய அறைகள் அவை. புரோக்கர் ராஜேந்திரன் அவற்றைப் படம் பிடித்துத் தன் வெப்சைட்டில் போட்டு, மேலே ‘ராஜேந்திரன் இல்லம்’ என்று எழுதிக்கொண்டார். தங்க வந்தவர்கள் அக்காவை வேலைக்காரி என்று நினைத்து, ஓனர் எப்போது வருவார் என்று கேட்டார்கள். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, வாராவாரம்.

“என் பேரைப் போடுங்கண்ணா,” என்று அக்கா நேராகவே கேட்டார்.

“பேரு சோறு போடுமா? ரூம் ரொம்புதில்ல, அத்த பாரும்மா,” என்றார் ராஜேந்திரன்.

அன்றோடு அவர் சங்காத்தமே வேண்டாம் என்று அக்கா விலகிவிட்டார். இணையத்தில் தன் பெயரிலேயே ஒரு முகவரி வாங்கினார். ரூம் புக்கிங்குக்கு வெளியூர்க் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அங்கே கிடைத்த பக்கத்தின் முகவரியில் கம்பெனி பெயர்தான் இருந்தது, அக்காவுக்கு வாலில் ஒரு நம்பர்.

“இங்கியும் வேற எவன் பேரோதானா?” என்று கொதித்துப்போனார்.

அதற்கும் வழி இருந்தது. அவர் பெயருக்கு முன்னால் ‘ரூம்ஸ்’ என்று சேர்த்து, அதைத் தேடி வருபவர்களைக் கம்பெனியின் பக்கத்துக்கு அனுப்பச் சொல்லி, முகவரி விற்றவர்களின் தளத்தில் ஒரு வரி எழுத வேண்டும். கம்பெனியிடமும் அதே முகவரியைச் சொல்லிவிட வேண்டும். பக்கம் அவர்களுடையது, மேலே தெரியும் பெயர் அக்காவுடையது.

“பேருக்கு முன்னாடி இனிஷியல் போடற மாதிரிதானே,” என்றார் அக்கா.

“இன்ஜினியருங்களே தடுமாறுவாங்க. பௌர்ணமி கிரிவலம் வேற வருது, வீணா போயிடாத,” என்றார் விஷயம் கேள்விப்பட்டு வந்த ராஜேந்திரன்.

அக்கா ராகு காலம் கழியும்வரை காத்திருந்து அந்த வரியை எழுதினார். மறுநாளும் பக்கம் திறக்கவில்லை. ராஜேந்திரன் வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. அக்கா எழுதியதைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த வரிக்கான முதல் பெட்டியில் ‘ரூம்ஸ்’ என்று மட்டும் எழுதினால் போதும், மீதிப் பெயரைத் தளமே சேர்த்துக்கொள்ளும். அக்கா முழு முகவரியையும் எழுதியிருந்தார். வேங்கிக்கால் அரசாங்க ஆபீஸ்களுக்கு இனிஷியலோடு முழுப்பெயர் எழுதியே மனு கொடுத்துப் பழகிய கை, இங்கேயும் அப்படியே எழுதிவிட்டது. அவர் பெயர் இரண்டு தடவை ஒட்டிக்கொண்டு நின்றது.

“அக்கா, இப்ப ராகு காலம்,” என்றேன்.

“இருக்கட்டும்,” என்று திருத்திவிட்டார். சாயங்காலம் பக்கம் திறந்தது. மேலே ஆதிலட்சுமி என்ற பெயர்.

பௌர்ணமிக்கு நான்கு அறைகளும் நிரம்பின. மறுவாரம் ராஜேந்திரன் வந்தார், குரலில் தேன் ஒழுக.

“நல்லா பண்ணியிருக்கம்மா. என் மூணு வீட்டையும் அதுலயே சேத்துடேன். நமக்குள்ள என்ன?”

“உங்களுக்குன்னு ஒரு பேர் வாங்கிட்டு வாங்கண்ணா, வரிய நானே போட்டுத் தரேன்,” என்றார் அக்கா. “என் பேரு என் வீட்டுக்கு மட்டுந்தான்.”