கந்தப்பனுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள்

நிரோஷன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் செய்த காரியத்தைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் துரைராசா முதலாளியின் ஹார்ட்வெயார் கடையில் சேர்ந்தான். ஆணி நிறுப்பதிலிருந்து பெயின்ட் கலக்குவது வரை அவன்தான். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். சம்பளத்தில் குறை வைக்கமாட்டார். லீவு என்றால் மட்டும் முகம் சுருங்கிவிடும். தீபாவளிக்கு மலைக்குப் போன பையன்கள் பொங்கல் கழிந்தும் திரும்பாத கதை அந்தக் கடையில் பலமுறை நடந்திருக்கிறது. "காய்ச்சல், தடிமனுக்கெல்லாம் லீவு கேளாதை. செத்த வீடெண்டா நானே பஸ் ஏத்தி விடுவன்" என்பார்.

அப்போதுதான் அவன் அப்பா கந்தப்பனுக்கு நெஞ்சில் நீர் கட்டியது. கொஞ்சம் தேறியதும் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா இல்லை. அக்கா பூரணி குவைத்தில் யாரோ ஒரு கிழவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தாள். இங்கே சொந்த அப்பாவைக் கைத்தாங்கலாகக் கக்கூசுக்குக் கூட்டிப் போக ஆளில்லை. நிரோஷன் லீவு கேட்டான். "பிறகு பாப்பம்" என்றார் முதலாளி. மறுபடி போய் நின்றபோது அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்துவிட்டது.

"அப்பா போயிட்டாரு முதலாளி."

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பஸ் ஏறிவிட்டான்.

வீட்டில், "முதலாளி நல்லவருப்பா, ஒடனே லீவு குடுத்துட்டாரு" என்றான். கந்தப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கஞ்சி குடிக்கும்போதும் மருந்து விழுங்கும்போதும் முதலாளி புகழ்தான். மகன் குனிந்துகொண்டு அப்பாவின் காலைத் துடைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து லய வரிசையில் அடுத்த காம்பராப் பேச்சியம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அண்ணே, கோயில் சந்தியில ஒங்க பேரப் போட்டு அஞ்சலி பேனர் கட்டுறாங்க! சாவு வீட்டு வெள்ளக்கொடி எல்லாம் தொங்குது. வேனு வந்து நிக்கிது. ஒங்க வீட்டுக்குத்தான் வழி கேட்டாங்க!"

கந்தப்பன் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"அந்தச் சட்டய எடு" என்றார் கந்தப்பன். "நான் ஒனக்குப் பெரியப்பா. பேச்சி, நீ லயத்துல எல்லாருக்கும் சொல்லிரு."

துரைராசா முதலாளி கடைப் பையன்களோடு வந்தார். யாரும் 'வாங்க' என்று கேட்கவில்லை. துக்க வீட்டில் கேட்கக்கூடாதல்லவா. பேச்சியம்மா பாயை விரித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுகையை அடக்கினாளா சிரிப்பை அடக்கினாளா என்று நான் கேட்கவில்லை.

பெரியப்பா என்று காட்டப்பட்ட கந்தப்பனின் பக்கத்தில் முதலாளி உட்கார்ந்தார். "தம்பியார் கடைசியிலை கஷ்டப்பட்டவரோ?"

"இல்லீங்கய்யா" என்றார் கந்தப்பன், மூச்சு வாங்கிக்கொண்டு. "மகன் பக்கத்துல இருந்தான். கையப் புடிச்சு, காலத் தொடச்சு, நல்லாப் பாத்துக்கிட்டான். அதுக்கு மேல என்னா வேணும் மனுசனுக்கு."

நிரோஷனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்பா அவனைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி எழுந்தார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. அவரும் பேசாமல் வாசற்படியில் இறங்கினார். அங்கேதான் எல்லாம் கெட்டது. வந்தவரை வாய் நிறைய வழியனுப்பியே பழகிய மனுசன் கந்தப்பன்.

"போயிட்டு வாங்கய்யா" என்று சொல்லிவிட்டார்.

முதலாளி திரும்பினார். கந்தப்பனின் முகத்தையும், கதவோரம் நின்ற நிரோஷனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மூக்கும் அந்த நெற்றியும் யாருடையவை என்று பார்த்தால் தெரியாமல் போகுமா?

"போயிட்டு வாறம் அண்ணை" என்றார், நிதானமாக. "உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ. சுகம் வந்தாப் பிறகு நிரோஷனை அனுப்புங்கோ."

சந்திக்குப் போய், பையன்களிடம் பேனரை அவிழ்க்கச் சொல்லி, தானே சுருட்டி வேனில் வைத்துக்கொண்டாராம். நிரோஷன் பின்னால் போகவில்லை. எந்த முகத்தோடு போவான்?

வேன் சத்தம் அடங்கியதும் கந்தப்பன் சட்டையைக் கழற்றினார். கோபம் எதுவும் இல்லை. ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"ஏன்டா, நெசமாவே நான் போயிட்டா, அந்த மனுசன்கிட்ட என்னான்னுடா லீவு கேப்ப?"